நர்சிங் சேர நீட் வேண்டுமா? அசல் சான்றிதழைக் கொடுக்கும் முன்

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 19 வயது மாணவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். இவர் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பிளஸ் 2வில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றிலும் சேர்த்துச் சராசரியாக 72 விழுக்காடு. டாக்டராக வேண்டும் என்று இரண்டு முறை நீட் எழுதினார், மருத்துவ இடத்துக்கு அருகில்கூட வர முடியவில்லை. பாட்டி மதுரை அரசு மருத்துவமனையில் 22 நாள் கிடந்தபோது கூடவே இருந்திருக்கிறார். "அந்த வார்டில் ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்தவர் சிஸ்டர்தான். அப்போதே இந்த வேலைதான் எனக்கு என்று தோன்றியது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை" என்கிறார்.

இப்போது நர்சிங் சேர விரும்புகிறார். "நர்சிங்குக்கும் நீட் கட்டாயம், என் மார்க்குக்குக் கிடைக்காது" என்று நினைத்து, இரண்டு வருடமும் மாநிலக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கவே இல்லை. எய்ம்ஸ் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அதையும் தொடவில்லை. இந்த நிலையில் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், பெங்களூரில் நுழைவுத் தேர்வே இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான்கு வருடத்துக்கும் சேர்த்து நாலரை லட்சம். முன்பணம் 25,000 ரூபாய், கூடவே டிசி, மார்க் ஷீட் எல்லாம் அசலாக, இந்த வாரத்துக்குள் தர வேண்டும். "கொடுத்துவிடலாமா? இல்லை, மூன்றாவது முறை நீட் எழுதவா? ஆங்கிலம் வராத நான் நுழைவுத் தேர்வு எழுத முடியுமா? டிப்ளமோ நர்சிங் படித்தால் மட்டமாகப் பார்ப்பார்களா? 19 வயது தாண்டிவிட்டதே?" இவைதான் அவர் கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒன்று. அசல் சான்றிதழையும் பணத்தையும் இந்த வாரம் கொடுக்காதீர்கள். மீதிக் கடிதத்தைப் பொறுமையாகப் படிக்கலாம், அந்த ஒரு காரியத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது நீட் மதிப்பெண் இல்லை அம்மா. விண்ணப்பிக்காமல் விட்ட அந்த இரண்டு வருடம்தான். நர்சிங் ஆசிரியையாகவும், பிறகு மாணவர் ஆலோசகராகவும் இருந்த காலம் முழுக்க இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். யாரோ ஒருவர் "நர்சிங்குக்கும் நீட்" என்று சொல்கிறார். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்ல ஆளில்லாததால் தகுதியுள்ள பெண்கள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களைத்தான் ஏஜென்ட்கள் தேடி வருகிறார்கள்.

எந்த இடத்துக்கு எந்தத் தேர்வு

தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி. இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் இதுவரை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை நடந்து வருகிறது. நீட் இல்லை, தனி நுழைவுத் தேர்வும் இல்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, பிளஸ் 2 முடிவு வந்த பிறகு துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி, ரேங்க் பட்டியல் போட்டு, கவுன்சலிங் நடத்தும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் கணக்கு. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இதற்கும் உண்டு. சென்னை, மதுரை, சேலம், தேனி போன்ற ஊர்களில் அரசு நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை மறைக்க மாட்டேன். உங்கள் 72 விழுக்காட்டுக்கு அரசுக் கல்லூரி உறுதி என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்பது முற்றிலும் நியாயமான எதிர்பார்ப்பு. அதற்கும் நீங்கள் விண்ணப்பிக்கவில்லையே!

இன்னொரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் விதிமுறைகள், சேர்க்கையை நுழைவுத் தேர்வு வழியாக நடத்தச் சொல்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், நர்சிங் நாட்டம் (ஆப்டிட்யூட்) என்று ஐந்து பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண் என்ற மாதிரியையும் அதில் கொடுத்திருக்கிறார்கள். 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையத்துக்கான சட்டமும் வந்துவிட்டது. ஆகவே எந்த வருடமும் விதி மாறலாம். அந்தந்த வருடத் தகவல் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். சித்தப்பா சொன்னார், டியூஷன் அண்ணன் சொன்னார் என்பதெல்லாம் இதில் செல்லாது.

சரி, நீட் எங்கே வருகிறது? இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி. நர்சிங். நீட் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள். ஆனால் நீட் எழுதினால் மட்டும் போதாது, ஜிப்மர் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் இரண்டு முறை நீட் எழுதியும் இதைச் செய்யவில்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இரண்டாவது, ராணுவ நர்சிங் சேவை. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூர் ஆகிய ஆறு இடங்களில் உள்ள ராணுவ நர்சிங் கல்லூரிகளில் மொத்தம் 220 இடம். பெண்களுக்கு மட்டும், திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். நீட் மதிப்பெண்ணால் பட்டியல் எடுத்து, பொது அறிவுத்திறனும் பொது ஆங்கிலமும் கலந்த கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக வைப்பார்கள். பிளஸ் 2வை முதல் முயற்சியிலேயே, பள்ளி மாணவியாக, 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் முடித்திருக்கிறீர்கள். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசுச் செலவு, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்தால் லெப்டினன்டாகப் பணியில் சேர்கிறீர்கள். பதிலுக்குச் சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும், பாதியில் விட்டால் பணம் கட்ட வேண்டும். ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு நீட் கிடையாது, அவர்களே தேர்வு வைக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யும் தனியாகத் தேர்வு வைத்து எடுக்கிறது. 1946லேயே நர்சிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம் அது. இந்தியாவில் நர்சிங் பட்டம் பிறந்த முதல் இரண்டு இடங்களில் ஒன்று என்பதால் அங்கே சேரும் ஆசை பலருக்கு. தேர்வும் அதற்கேற்றபடி கடினம்.

எய்ம்ஸ் தேர்வும் ஆங்கிலம் என்ற பயமும்

எய்ம்ஸ் பி.எஸ்சி. (ஹானர்ஸ்) நர்சிங் தேர்வில் 100 கேள்வி, இரண்டு மணி நேரம். இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் 30, பொது அறிவு 10. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறானால் மூன்றில் ஒரு பங்கு கழியும். பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் பிளஸ் 2வில் 55 விழுக்காடு, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு இருந்தால் எழுதலாம். உங்களிடம் 72 இருக்கிறது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். இதில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பகுதி இல்லை. நீங்கள் கட்டுரை எழுத வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. கேள்வி புரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் நீட்டைத் தமிழில் எழுதியதாகச் சொன்னீர்கள். அந்தக் கேள்வித்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருந்ததே, நினைவிருக்கிறதா? அதே பாடம், அதே வகைக் கேள்வி. நீங்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்க்காமல் தாண்டினீர்கள். இனி அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நான் தமிழ்வழி மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை எளிமையானது. நம் மாநிலப் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுதான். அதே அத்தியாயம், அதே படம், ஏறத்தாழ அதே பத்தி. பாடநூல் கழகத் தளத்தில் ஆங்கிலப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தை இடது பக்கம் திறந்து வையுங்கள், ஆங்கிலத்தைப் போனிலோ அச்செடுத்தோ வலது பக்கம் வையுங்கள். ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத் திரும்ப ஆங்கிலத்தில் பாருங்கள், புதுப் பாடத்தில் தொடங்க வேண்டாம். மனித உடலியங்கியல் உங்களுக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்து ஆரம்பியுங்கள். நுரையீரல் லங்ஸ், சிறுநீரகம் கிட்னி என்பதெல்லாம் தெரியும். கணையம் பேங்க்ரியாஸ், மண்ணீரல் ஸ்ப்ளீன், உதரவிதானம் டயஃப்ரம், குருதித் தட்டுகள் பிளேட்லெட்ஸ் என்று ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வாருங்கள். புத்தகத்தின் பின்னால் கலைச்சொல் பட்டியலும் இருக்கும். ஒரு நாளைக்கு 20 சொல் என்றால் மூன்று மாதத்தில் 1800. அதற்குமேல் ஒரு நுழைவுத் தேர்வுக்குத் தேவைப்படாது.

கலைச்சொல்லைவிட ஆபத்தானவை சின்னச் சொற்கள். 'எக்ஸெப்ட்', 'நாட்', 'இன்கரெக்ட்', 'லீஸ்ட்' என்று கேள்வியில் இருந்தால் விடையே தலைகீழாக மாறிவிடும். தமிழ்வழிப் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான், பாடம் தெரியாமல் இல்லை. பழைய கேள்விகளைப் போடும்போது முதல் ஒரு மாதம் இந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் பழகுங்கள். கணினியில் வட்டமிட முடியாது, ஆனால் கண் தானாகவே தேடிப் பிடிக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். எய்ம்ஸில் விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் அடிப்படைப் பதிவு, அப்புறம் அதற்கென்று ஒரு குறியீடு எடுத்து, கட்டணம் கட்டி, இறுதிப் பதிவு. முதல் கட்டத்தை முடித்ததும் "விண்ணப்பித்தாயிற்று" என்று இருந்துவிட்டு ஹால் டிக்கெட் வராமல் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். டெல்லி எய்ம்ஸில் இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டும். மற்ற எய்ம்ஸ்களுக்கும் இதே ஒரு தேர்வுதான்.

இயற்பியலை விட்டுவிடலாமா?

"ஃபிசிக்ஸை அப்படியே விட்டுவிட்டு பயாலஜி மட்டும் படிக்கலாம் என்று இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீட்டில் அது ஓரளவு ஓடும், ஏனென்றால் 720இல் 360 உயிரியல். எய்ம்ஸில் 100க்கு 30 இயற்பியல். அதை விட்டுவிட்டால் மீதி 70இல்தான் போட்டி போட வேண்டும். அங்கே எல்லாரும் நன்றாகவே போடுவார்கள்.

தேர்வை விடுங்கள், வார்டுக்கு வாருங்கள். டாக்டர் 1000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார். சலைன் ஏற்றும் குழாயில் (செட்) ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42. இதை நடுராத்திரியில், கால்குலேட்டர் தேடாமல், நர்ஸ்தான் போடுகிறார். பாட்டில் ஏன் உயரத்தில் தொங்குகிறது, ரத்த அழுத்தம் பார்க்கும்போது கை ஏன் இதய மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் ஒதுக்கிவைத்த திரவ அழுத்தப் பாடம். 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லிக்கு 5 கிராம், ஆகவே அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. இது வேதியியலில் கரைசல்கள் பாடம். உங்கள் பாட்டிக்கு அந்த 22 நாளும் யாரோ இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

இயற்பியல் முழுவதையும் முடிக்க வேண்டாம். அலகுகளும் பரிமாணங்களும், இயக்கவியலின் நேரடிக் கணக்குகள், வேலை–ஆற்றல், பாய்மங்கள், வெப்பம், மின்னோட்டம், ஒளியியல், அணுக்கரு. இவற்றில் ஒரே சூத்திரத்தில் முடியும் கணக்குகளை நன்றாகப் போடுங்கள். நீண்ட கணக்கு வந்தால் தாண்டிப் போங்கள்.

ஊகித்துப் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இரண்டு தேர்வுக்கும் கணக்கு வேறு. நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. எய்ம்ஸில் சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒன்று. நான்கு விடையில் எதுவுமே தெரியாமல் எய்ம்ஸில் கண்ணை மூடிப் போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பதற்றம்தான் மிச்சம், விட்டுவிடுங்கள். ஒரு விடையையாவது நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் போடுங்கள், அப்போது கணக்கு உங்கள் பக்கம். நீட்டில் ஒன்றை ஒதுக்க முடிந்தால் தயங்கவே தயங்காதீர்கள்.

வாரம் ஒரு முறை, ஞாயிறு காலையில், முழு மாதிரித் தேர்வை இடையில் எழாமல் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 72 நொடி. உயிரியலை முதலில் 25 நிமிடத்தில் முடித்துவிட்டால் இயற்பியலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எழுதியதைவிட, எழுதிய பிறகு தவறுகளைப் பார்ப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறை நீட் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் வேறு நோக்கத்தோடு. எம்.பி.பி.எஸ்.ஸுக்காக இன்னொரு வருடத்தை முழுதாக வைக்காதீர்கள். நீங்களே கடிதத்தின் நடுவில் சொல்லிவிட்டீர்கள், அந்த வார்டில் பார்த்த வேலைதான் வேண்டும் என்று. அதை நம்புகிறேன், நீங்களும் நம்புங்கள். டாக்டர் ஆக முடியாதவர்கள் ஆகும் வேலை நர்ஸ் வேலை என்று உங்கள் தெருவில் யாராவது சொன்னால், அவர் ஒரு ராத்திரிகூட வார்டில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

ஜிப்மர், ராணுவ நர்சிங் இரண்டுக்கும் நீட் மதிப்பெண் தேவை. எய்ம்ஸுக்குப் படிப்பதும் நீட்டுக்குப் படிப்பதும் ஒரே பாடம். நீட் பொதுவாக மே மாதத் தொடக்கத்தில், எய்ம்ஸ் நர்சிங் அதற்குச் சில வாரங்கள் கழித்து. ஆக ஒரே தயாரிப்பில் இரண்டையும் எழுதலாம், தனிக் கோச்சிங் வேண்டாம். இரண்டு வருட நீட் நோட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. புதிதாக 60,000 ரூபாய் கட்டி ஒரு வகுப்பில் உட்கார்வதால் கிடைக்கப்போவது குறைவு. அந்தப் பணத்தை ஹாஸ்டலுக்கு வையுங்கள்.

அந்த ஏஜென்ட்

பெங்களூரில் நல்ல நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்துவிட்டு நன்றாக வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். ஊர் பெங்களூர் என்பதற்காக நான் தடுக்கவில்லை. கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் அவசரப்படுத்துவதுதான் பயமாக இருக்கிறது. உங்கள் நான்கு பக்கத்தில் எங்கேயும் கல்லூரியின் பெயர் இல்லை, கவனித்தீர்களா?

பெயரைக் கேளுங்கள். கேட்டதும் மூன்றைச் சரிபாருங்கள். அந்தக் கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இந்த வருடத்துக்கு இருக்கிறதா. அந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அனுமதியும் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழக இணைப்பும், பி.எஸ்சி.க்கு எத்தனை இடத்துக்கு இருக்கின்றன. அங்கே படித்து வந்தால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா. மூன்றாவதைச் சென்னையில் உள்ள கவுன்சிலிடமே நேரில் அல்லது எழுத்தில் கேளுங்கள். பதிவு இல்லாத நர்சுக்கு நம் ஊரில் அரசு வேலை கிடையாது, நல்ல தனியார் மருத்துவமனையிலும் எடுக்க மாட்டார்கள். நான்கு வருடமும் நாலரை லட்சமும் போன பிறகு இது தெரியவந்தால் என்ன செய்வது?

அப்புறம், பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை என்று கேளுங்கள். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் எதிர்பார்ப்பு. முடிந்தால் நீங்களும் அப்பாவும் ஒரு நாள் ரயிலேறிப் போய், வார்டில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வெறும் கட்டில்களுக்கு நடுவே நர்சிங் கற்க முடியாது.

அசல் சான்றிதழைப் பற்றி உங்களுக்கு உரிமை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது. மாணவர் விலகினால் எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டணம் திரும்ப வேண்டும் என்ற அட்டவணையும் அதில் இருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஏஜென்டுக்கு எங்கிருந்து வரும்? டிசியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் நீங்கள் வேறு எந்தக் கவுன்சலிங்குக்கும் போக முடியாது. அதற்காகத்தான் கேட்கிறார்கள். பணம் கட்டுவதாக இருந்தாலும் கல்லூரியின் வங்கிக் கணக்கில், ரசீதோடு மட்டும். சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், அவரிடம் கோபப்பட வேண்டாம். "கல்லூரிப் பெயரை மட்டும் வாங்கித் தாருங்கள் சித்தப்பா, மீதியை நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும்.

கல்விக் கடனை நம்பியிருந்தால் அதிலும் ஒரு சிக்கல். 4 லட்சம் வரை பொதுவாக வங்கிகள் அடமானம் கேட்பதில்லை, ஆனால் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வங்கி மேலாளரிடம் அந்தக் கல்லூரிப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலேயே பாதி பதில் தெரிந்துவிடும்.

டிப்ளமோ மட்டமா?

இல்லை. பொது நர்சிங் மற்றும் மகப்பேறு டிப்ளமோ மூன்று வருடம். முடித்துப் பதிவு செய்தால் நீங்கள் நர்ஸ்தான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் பணிக்கு டிப்ளமோவும் பட்டமும் இரண்டுமே தகுதி. எய்ம்ஸ் நர்சிங் அலுவலர் தேர்வை டிப்ளமோ முடித்தவர்கள், 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவத்தோடு எழுதலாம். பிறகு, டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டமும் வாங்கலாம். பி.எஸ்சி. கிடைத்தால் அதையே எடுங்கள், மேற்படிப்புக்கும் ஆசிரியப் பணிக்கும் வழி நேராக இருக்கும். ஆனால் அங்கீகாரம் சந்தேகமான பி.எஸ்சி.யா, அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோவா என்று வந்தால் நான் யோசிக்காமல் டிப்ளமோவைச் சொல்வேன்.

வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங்குக்கு 17 முதல் 35 வரை. ராணுவ நர்சிங்குக்கு மட்டும் ஏறத்தாழ 25 வரை என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அம்மா நைட் டியூட்டியை நினைத்துப் பயப்படுவதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதைப் பேசி மட்டும் போக்க முடியாது. பாட்டி இருந்த வார்டுக்கு அம்மாவை ஒரு நாள் கூட்டிப் போய், பணியில் இருக்கும் ஒரு சிஸ்டரிடம் பத்து நிமிடம் பேச வையுங்கள். அவர் சொல்வது என் கடிதத்தைவிட அம்மாவுக்கு நன்றாகப் புரியும்.

இந்த வாரம் இ-சேவை மையத்துக்குப் போங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத் தேதி வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது, அதற்குப் பள்ளியிலிருந்து படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். எல்லாவற்றையும் நான்கு நகல் எடுத்து, அசலை வீட்டுப் பெட்டியில் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுங்கள்.

எய்ம்ஸ் இறுதிப் பதிவு முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். இயற்பியல் மாதிரித் தேர்வில் எங்கே தவறு வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.